சாப் சூயி விசா

அமெரிக்காவின் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கடை வரிசை இருக்கும். அந்த வரிசையில் ஒரு சீன உணவகமும் இருக்கும். உள்ளே போனால் கல்லாவுக்கு மேலே உணவுகளின் ஒளிரும் படங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். டெக்சஸிலும் ஒஹையோவிலும் நியூ ஜெர்ஸியிலும் ஏறக்குறைய அதே படங்கள்தான். ஜெனரல் ஸோ சிக்கன், குங் பாவ் சிக்கன், பீஃப் வித் ப்ராக்கலி, லோ மெய்ன், எக் ரோல். கடைசியில் பில்லோடு ஒரு ஃபார்ச்சூன் குக்கி. மெக்டொனால்ட்ஸுக்காவது இன்னதை இப்படிச் செய் என்று சொல்ல ஒரு தலைமை அலுவலகம் இருக்கிறது. இந்தக் கடைகளுக்கு அப்படி எதுவும் கிடையாது. எண்ணிக்கையில் மெக்டொனால்ட்ஸைவிட இவைதான் அதிகம். அப்படியானால் இந்த மெனுவை எழுதியது யார்?

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இருபது வருஷத்துப் பழைய நிரல் ஒன்றைக் கையில் கொடுத்தால், அதில் அர்த்தமே இல்லாததுபோல ஒரு வரி கண்ணில் படும். தூக்கிவிடலாம் என்று கை பரபரக்கும். அனுபவசாலிகள் தூக்க மாட்டார்கள், அந்த வரி ஏன் வந்தது என்று தேடிப் போவார்கள். எப்போதோ இழுத்து மூடப்பட்ட ஒரு வங்கியின் விதிமுறைக்காக யாரோ ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுதியது என்று தெரியவரும். சீன உணவகத்தின் மெனுவையும் நான் அப்படித்தான் படிக்கப் பழகினேன். எங்கள் குழுவில் ஒரு மதுரைக்கார அண்ணன், 1998ல் ஒய்-டூ-கே வேலைக்காக வந்தவர், நான் வந்த புதிதில் சொன்னது இது: "தம்பி, எங்க போனாலும் ஜெனரல் ஸோ சொல்லு. கண்ணை மூடிட்டுச் சாப்பிடலாம்." அவர் பேச்சைக் கேட்டு முதல் இரண்டு வருஷம் அதையே சாப்பிட்டேன். யார் இந்த ஜெனரல் என்று கேட்கத் தோன்றியது அதற்கப்புறம்தான்.

நம்மவர்கள் இந்தக் கடைகளில் உட்கார்ந்ததும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதெல்லாம் ஒரிஜினல் சைனீஸ் கிடையாது, தெரியும்ல?" கேட்பவர் பெரும்பாலும் கோபி மஞ்சூரியனில் வளர்ந்தவராக இருப்பார். மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் இல்லை. சிக்கன் மஞ்சூரியனை 1975ல் பம்பாயின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் உருவாக்கியதாகச் சொன்னவர் நெல்சன் வாங், கல்கத்தாவில் பிறந்த சீனர். ஒரிஜினலா என்ற கேள்வியில் எனக்கு ஈடுபாடு போய்விட்டது. இந்த உணவைச் சமைத்தவர்களை இந்த நாட்டுக்குள் யார் விட்டார்கள், என்ன நிபந்தனையில் விட்டார்கள் என்று கேட்டால் கதை வேறு மாதிரிப் போகிறது.

சாப் சூயியில் தொடங்கலாம். இன்றைய மெனுக்களில் அது இருந்தால் கடைசிப் பக்கத்தின் மூலையில் இருக்கும். நறுக்கிய இறைச்சி, முளைப்பயறு, செலரி, வெங்காயம் எல்லாவற்றையும் வதக்கி, சோளமாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கிய ஒரு கலவை. ருசியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க அமெரிக்கர்களுக்குச் சீன உணவு என்றால் இதுதான். கடைகளின் பெயர்ப்பலகையில் உணவகம் என்று போட மாட்டார்கள், சாப் சூயி என்று மட்டும் போடுவார்கள். எட்வர்ட் ஹாப்பர் 1929ல் வரைந்த ஓவியம் ஒன்றின் பெயரே 'சாப் சூயி'. இரண்டு பெண்கள் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெயர்ப்பலகையின் ஒரு துண்டு தெரியும். 2018ல் அந்த ஓவியம் 9 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. சாப் சூயி விற்று யாரும் அவ்வளவு சம்பாதித்திருக்க மாட்டார்கள்.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். 1896ல் சீனப் பேரரசின் ராஜதந்திரி லி ஹோங்ஜாங் நியூ யார்க் வந்தாராம், அவருடைய சமையற்காரர் அமெரிக்க விருந்தாளிகளுக்காக மிச்சம்மீதியை வதக்கிக் கொடுத்தாராம். அழகான கதை, ஆனால் பொய். அவர் வருவதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1884ல், வோங் சின் ஃபூ என்ற சீன அமெரிக்கப் பத்திரிகையாளர் நியூ யார்க் சீனர்களின் சமையலைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் கொஞ்சம் மாறிய உச்சரிப்பில் வந்துவிட்டது. காண்டனீஸ் மொழியில் அதற்குக் கலந்துகட்டிய துண்டு துணுக்குகள் என்று பொருள். தெற்குச் சீனாவில் குவாங்டோங் மாகாணத்தின் தாய்ஷான் வட்டாரத்தில் ஈரல், குடல் எல்லாம் போட்டுச் செய்யும் வீட்டுச் சமையல் அது. அன்றைக்கு அமெரிக்காவிலிருந்த சீனர்களில் பெரும்பாலோர் தாய்ஷானையும் அதைச் சுற்றிய வட்டாரங்களையும் சேர்ந்தவர்கள். ராஜதந்திரியின் சமையற்காரர் கதை ஏன் தேவைப்பட்டது என்பது எனக்குப் புரிகிறது. கூலிக்காரன் வீட்டுக் குழம்பு என்று சொன்னால் மேசைவிரிப்பு போட்டு விற்க முடியாது.

அந்தக் கூலிக்காரர்கள் 1849க்குப் பிறகு கலிஃபோர்னியாத் தங்கத்தைத் தேடி வந்தவர்கள். பின்னர் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைத்த ரயில் பாதைக்காக, மேற்கிலிருந்து வந்த பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் சியெரா நெவாடா மலைகளைக் குடைந்தார்கள். 1869 மே 10 அன்று பாதை முடிந்தது. வேலை முடிந்ததும் ஆட்கள் வேண்டாதவர்களானார்கள். 1875ல் வந்த பேஜ் சட்டம் சீனப் பெண்கள் வருவதை ஏறக்குறைய நிறுத்தியது. 1882 மே 6 அன்று அதிபர் செஸ்டர் ஆர்தர் கையெழுத்திட்ட சட்டம் சீனத் தொழிலாளர்கள் நுழைவதையே தடை செய்தது. ஒரு குறிப்பிட்ட இனத்தின் பெயரைச் சொல்லி அமெரிக்கா போட்ட முதல் பெரிய குடிவரவுத் தடை அது. பத்து வருஷத்துக்கு என்று போட்டார்கள். 1892ல் நீட்டித்தார்கள், கூடவே சீனர்கள் எப்போதும் வதிவிடச் சான்றிதழைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்தார்கள். பிறகு காலவரையின்றி ஆக்கினார்கள். 1885ல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் சுரங்க ஊரில் 28 சீனத் தொழிலாளிகளை வெள்ளைத் தொழிலாளிகள் கொன்றார்கள். சுரங்கம், பண்ணை, தொழிற்சாலை என்று ஒவ்வொன்றிலிருந்தும் துரத்தப்பட்டவர்களுக்கு எஞ்சிய பிழைப்பு இரண்டு: துணி துவைப்பது, சமைப்பது. வெள்ளைக்காரர்களின் போட்டி அதிகம் இல்லாத வேலைகள் அவை. சீன ஆண்கள் பிறவிச் சமையற்காரர்கள் என்று ஒரு பேச்சு அந்தக் காலத்தில் இருந்தது. ஊரில் இவர்களில் பலர் அடுப்படிப் பக்கமே போகாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். நியூ ஜெர்ஸியில் பேச்சிலராக நாலு பேர் தங்கியிருந்த அபார்ட்மென்டில் நாங்கள் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதும் பிறவி ஞானத்தால் அல்ல.

இப்போது மெனுவின் ஆதிவரிக்கு வரலாம். 1882ன் தடை தொழிலாளிக்குத்தான், வணிகருக்கு விலக்கு உண்டு. வணிகர் சீனாவுக்குப் போய்த் திரும்பி வரலாம், மனைவியையும் சிறு வயதுப் பிள்ளைகளையும் அழைத்து வரலாம். ஆனால் யார் வணிகர்? 1893ல் சட்டம் அதை இறுக்கி வரையறுத்தது. நிலையான ஓரிடத்தில் பொருள்களை வாங்கி விற்பவர், உடலுழைப்பு எதுவும் செய்யாதவர். அதற்குச் சீனர் அல்லாத இரண்டு பேர் சாட்சி சொல்ல வேண்டும். மளிகைக்கடை வைத்தவர் வணிகர். உணவகம் வைத்தவர்? அவர் சமைக்கிறார், தட்டு கழுவுகிறார், அதெல்லாம் உடலுழைப்பாயிற்றே என்றார்கள் அதிகாரிகள்.

1915ல் ஒரு கூட்டாட்சி நீதிமன்றத்தின் தீர்ப்பு அதை மாற்றியது. உணவக உரிமையாளரும் வணிகராகலாம் என்றது. ஹெதர் லீ என்ற வரலாற்றாய்வாளர் குடிவரவுத் துறையின் பழைய கோப்புகளைத் தோண்டி, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார். சட்டத்தை மீறாமல் அதன் சந்து வழியே ஒரு சமூகமே நுழைந்த விதம் அதில் தெரிகிறது. விதி இதுதான். உணவகம் உயர்தரமானதாக இருக்க வேண்டும், தெருவோரக் கடை போதாது. விண்ணப்பிப்பவர் அதில் கணிசமான முதலீடு போட்டிருக்க வேண்டும். குறைந்தது ஒரு வருஷம் முழுநேர மேலாளராக இருக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்தில் அவர் சமைக்கக் கூடாது, பரிமாறக் கூடாது, கல்லாவில் உட்கார்ந்து காசு வாங்கக்கூடக் கூடாது. அதிகாரிகள் வந்து காய்கறி போடுபவரையும் கட்டட உரிமையாளரையும் விசாரிப்பார்கள். இவன் ஒரு நாளாவது தட்டு தூக்கி நீ பார்த்திருக்கிறாயா என்று கேட்பார்கள்.

அவ்வளவு முதல் ஒரு தனி மனிதரிடம் ஏது? ஊர்க்காரர்களும் பங்காளிகளும் பணத்தைப் போட்டார்கள், நம்ம ஊர் ஏலச்சீட்டு மாதிரி. பெரிய கூடம், சிவப்பு விளக்கு, செதுக்கிய மர வேலைப்பாடு என்று பகட்டான சாப் சூயி மாளிகைகள் எழுந்தன. பங்குதாரர்களில் ஒருவர் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ மேலாளராக இருப்பார். கோட்டுப் போட்டுக்கொண்டு சும்மா நிற்க வேண்டியதுதான் அவர் வேலை. வணிகர் தகுதி கிடைத்ததும் அவர் ஊருக்குப் போய் மகனை அழைத்துவரக் கப்பல் ஏறுவார், அடுத்த பங்குதாரர் கோட்டுப் போட்டுக்கொள்வார். முன்பு நின்றவர் திரும்பி வந்து அதே கடையில் வெங்காயம் உரிப்பார். உள்ளே வருகிறவர்களுக்கு வேலையும் அங்கேயேதான். ஹெதர் லீயின் கணக்குப்படி 1910க்கும் 1920க்கும் இடையில் அமெரிக்காவின் சீன உணவகங்கள் இரட்டிப்பாயின, அடுத்த பத்தாண்டில் மறுபடியும் இரட்டிப்பாயின. வெள்ளைக்காரர்களுக்கு திடீரென்று சோயா சாஸ் மேல் ஆசை வந்துவிட்டது என்பது இதில் பாதிக் காரணம்கூட இருக்காது. இத்தனை உணவகங்கள் நிற்க வேண்டுமென்றால் இத்தனை வாடிக்கையாளர்கள் வேண்டும். ஈரலும் குடலும் போய் மாட்டிறைச்சியும் கோழியும் வந்தன, இனிப்பு கூடியது. விசாவுக்காகக் கட்டிய கூடத்தை நிரப்பத்தான் அந்த ருசி.

எச்-1பி கோப்பை நிரப்பியவர்களுக்கு இதில் ஏதோ ஒன்று பழகியதாகத் தெரியும். நான் செய்யும் வேலை சாதாரண வேலை அல்ல, விசேஷத் தகுதி வேண்டிய வேலை என்று வக்கீல் எழுதும் கடிதத்தில் என் அன்றாடம் எனக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு உயர்ந்திருக்கும். ஆனால் ஒப்பீட்டை இதற்குமேல் இழுக்க மாட்டேன். என் கடிதத்தைச் சரிபார்க்க யாரும் காய்கறிக்கடைக்காரரை விசாரிக்கவில்லை.

உணவகங்கள் பெருகியதும் அவற்றுக்கு எதிர்ப்பும் பெருகியது. வெள்ளைச் சமையற்காரர்களின், பரிமாறுவோரின் தொழிற்சங்கங்கள் புறக்கணிப்பு நடத்தின. 1909ல் நியூ யார்க்கில் எல்சி சீகல் என்ற இளம்பெண்ணின் உடல், ஒரு சாப் சூயி கடைக்கு மேலிருந்த அறையில் ஒரு டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது. நாடு முழுக்கச் சீன உணவகங்கள் பெண்களைக் கெடுக்கும் இடங்கள் என்று பேச்சு கிளம்பியது. மாசசூசெட்ஸில் 21 வயதுக்குக் குறைந்த பெண்கள் சீன உணவகத்துக்குள் நுழையவே கூடாது என்று ஒரு மசோதா வந்தது. 1911ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று கருத்துச் சொன்னார்கள். நூடுல்ஸ் சாப்பிடப் போவதற்கு நீதிபதிகளின் தயவு வேண்டியிருந்தது.

ஒரு சமையற்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எந்த மெனுவிலும் அவர் பெயர் இல்லை. வோங் கிம் ஆர்க், 1873ல் ஸான் ஃபிரான்ஸிஸ்கோவின் சீனப் பேட்டையில் பிறந்தவர், தொழில் சமையல். 1895ல் சீனாவுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது துறைமுகத்தில் அவரை இறங்க விடவில்லை. நீ சீனன், குடிமகன் அல்ல என்றார்கள். மாதக்கணக்கில் கடலில் கப்பல்களிலேயே வைத்திருந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1898 மார்ச்சில் 6-க்கு 2 என்று தீர்ப்பு: இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தாலும், குடிமகனே. அடிமை முறை ஒழிந்தபின் வந்த பதினான்காம் திருத்தத்தின் சொற்களுக்கு அதுதான் பொருள் என்றது நீதிமன்றம். அமெரிக்கா முழுமைக்கும் ஒரு சமையற்காரர் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது. அவருக்கு அதனால் என்ன கிடைத்தது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. மூன்று வருஷம் கழித்து, 1901ல், டெக்சஸின் எல் பாஸோவில் சட்டவிரோதமாக இருக்கும் சீனர் என்று அவரையே கைது செய்தார்கள். தன் பெயரில் இருக்கும் தீர்ப்பை அவர் மறுபடி நிரூபிக்க வேண்டியிருந்தது. 1910ல் அவருடைய மூத்த மகன் வந்தபோது, ஏஞ்சல் தீவில் வைத்து விசாரித்துவிட்டு, நீ அவர் மகன்தான் என்று நம்ப முடியவில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார். தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தை குடிமகனோ நிரந்தர வதிவாளரோ இல்லை என்றால், இனி பிறக்கும் குழந்தைக்குப் பிறப்பால் குடியுரிமை இல்லை என்றது ஆணை. ஆணை உடனே நீதிமன்றங்களுக்குப் போனது. எங்கள் வாட்ஸாப் குழுவில் அந்த வாரம் வேறு பேச்சே இல்லை. எட்டாம் மாதத்தில் இருந்த ஒரு நண்பரின் மனைவி, தேதிக்கு முன்பே பிரசவம் வைத்துக்கொள்ள முடியுமா என்று மருத்துவரைக் கேட்டாராம். என் மகள் 2022ல் பிறந்தவள், ஆணை அவளைத் தொடவில்லை. ஆனால் அவளுடைய கடவுச்சீட்டை அன்றிரவு எடுத்துப் பார்த்தேன். அந்த வழக்குகளின் மனுக்களைப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பெயர் வரும்: வோங் கிம் ஆர்க்.

1943ல், போரில் சீனா கூட்டாளியான பிறகு, தடைச் சட்டத்தை நீக்கினார்கள். வருஷத்துக்கு 105 சீனர்கள் வரலாம் என்று தாராளம் காட்டினார்கள். 1917லிருந்து தடைப் பட்டியலில் இருந்த இந்தியாவுக்கு 1946ல் வருஷத்துக்கு 100 கிடைத்தது. 1965ல் வந்த புதிய சட்டம்தான் இந்த நாட்டு எண்ணிக்கைகளை உடைத்தது. சீனர்களுக்கும் நமக்கும் கதவு திறந்தது அதே நாளில்தான். மெனு மாறத் தொடங்கியதும் அப்போதுதான். தாய்ஷான்காரர்களின் சாப் சூயி கீழே இறங்க, சிச்சுவான், ஹூனான் என்ற பெயர்கள் மேலே வந்தன. 1972 பிப்ரவரியில் நிக்சன் பெய்ஜிங் போய் விருந்து சாப்பிட்டதைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் புதிது கேட்டார்கள்.

குங் பாவ் சிக்கன் அந்த அலையில் பெயர் பெற்றது. இதில் ஒரு நிஜ மனிதர் இருக்கிறார்: டிங் பாவோஜென், 1820ல் பிறந்தவர், சிச்சுவானை ஆண்ட அதிகாரி. 'கோங்பாவ்' என்பது அவருக்கு அரசவை கொடுத்த பட்டம். அதற்கு முன் ஷாண்டோங்கில் இருந்தபோது, பேரரசி ஸீஷியின் செல்ல அரவாணி ஆன் தேஹாயைப் பிடித்துத் தலையை வெட்டிய துணிச்சல்காரர். பட்டம் பேரரசுக் காலத்தை நினைவூட்டுகிறது என்று, கலாச்சாரப் புரட்சியில் இந்த உணவின் பெயரையே மாற்றி, வெறும் கோழித்துண்டு வதக்கல் என்ற மாதிரி ஆக்கிவிட்டார்கள். அதன் உயிர் சிச்சுவான் மிளகு. நாக்கை மரத்துப்போக வைக்கும், எலுமிச்சை வாசம் அடிக்கும் ஒரு சிறு காய். எலுமிச்சைக் குடும்பத்துச் செடி என்பதால், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நோய் வந்துவிடும் என்று பயந்து 1968ல் அமெரிக்கா அதன் இறக்குமதியைத் தடை செய்தது, 2005ல்தான் விட்டது. அதாவது குங் பாவ் இங்கே பரவிய முப்பது வருஷமும் அதன் முக்கியச் சரக்கு சட்டவிரோதம். படத்தில் அதற்குப் பதில் குடைமிளகாய் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னொரு வேடிக்கை, அதில் சேரும் வற்றல் மிளகாயும் வேர்க்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து சீனாவுக்குப் போனவை. கடையில் சொல்லும்போது சிச்சுவான் மிளகு போடுவீர்களா என்று கேளுங்கள். போடுவோம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

சரி, ஜெனரல். ஸுவோ ஸோங்டாங், 1812ல் ஹூனானில் பிறந்தவர், சிங் பேரரசின் தளபதி. தைப்பிங் கிளர்ச்சியை அடக்கினார், ஷின்ஜியாங்கை மீட்டார், 1885ல் இறந்தார். அவர் இந்தக் கோழியைச் சாப்பிட்டதே இல்லை. அவருடைய சொந்த ஊரிலும் யாருக்கும் இது தெரியாது. செய்தவர் பெங் சாங்-குவெய் என்ற ஹூனான்காரர், தேசியவாத அரசின் விருந்துகளைச் சமைத்தவர். 1949ல் மாவோவிடம் தோற்ற அரசோடு அவரும் தைவானுக்கு ஓடினார். 1950களில் தைப்பேயில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஆர்தர் ராட்ஃபோர்டுக்கு நடந்த விருந்தில் புதிதாக ஒன்று செய்து, இனித் திரும்பிப் போக முடியாத தன் மாகாணத்தின் வீரர் பெயரை வைத்தேன் என்று பெங் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தக் கோழியில் சர்க்கரை கிடையாது. தோலோடும் எலும்போடும், உப்பும் புளிப்பும் காரமுமாக, ஹூனானின் ருசியில் இருந்தது.

நியூ யார்க்கிலிருந்து சமையற்காரர்கள் 1970களின் தொடக்கத்தில் தைப்பே போய் அதைச் சாப்பிட்டார்கள், திரும்பி வந்து மாவில் முக்கி மொறுமொறுப்பாக்கி இனிப்பைச் சேர்த்தார்கள். 1973ல் பெங் தாமே நியூ யார்க் வந்து ஐக்கிய நாடுகள் சபைக்கு அருகே, 44ஆம் தெருவில் கடை போட்டபோது, அவருடைய உணவு அவருக்கு முன்பே வந்திருந்தது. வந்தவர்கள் அவருடையதைப் போலி என்றார்கள். அவரும் சர்க்கரை சேர்த்தார். ஹென்றி கிஸிங்கர் அவருடைய வாடிக்கையாளர். பிறகு தைவான் திரும்பினார். 1990ல் ஹூனானின் தலைநகர் சாங்ஷாவில் ஒரு கடை திறந்தார். நாற்பது வருஷம் கழித்துச் சொந்த மாகாணத்தில், சொந்தத் தளபதியின் பெயரில் ஒரு கோழி. ஊர்க்காரர்கள் தின்று பார்த்து, ரொம்ப இனிப்பாக இருக்கிறது என்றார்கள். கடை மூடப்பட்டது. 2014ல் வந்த ஓர் ஆவணப்படத்தில், அமெரிக்க ஜெனரல் ஸோவின் படங்களைக் காட்டியபோது அந்த முதியவர் முகம் சுளிப்பதைப் பார்க்கலாம். 2016 நவம்பரில் 98 வயதில் தைப்பேயில் இறந்தார். இந்த மெனுவில் எனக்கு மிகவும் நெருக்கமான மனிதர் இவர்தான். இப்போதும் அதை வாங்குகிறேன், சாஸைத் தனியாகக் கேட்டு.

ஃபார்ச்சூன் குக்கியைப் பற்றி ஒரு வரி போதும். அது ஜப்பானியருடையது, கியோட்டோவின் ஃபுஷிமி கோவில் அருகே இன்னும் சுடுகிறார்கள். 1942ல் அமெரிக்கா ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தபோது அவர்களுடைய பேக்கரிகள் மூடின, சீனர்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே சாப்பிடப் போகிறவர்களுக்கு என் சொந்தச் சிபாரிசு மாப்போ டோஃபு. செங்டூ நகரின் பாலம் ஒன்றின் அருகே, அம்மைத் தழும்பு முகம்கொண்ட சென் வீட்டு அம்மாள் 1862 வாக்கில் கடை வைத்துச் செய்தது என்பார்கள். மாப்போ என்றால் தழும்பு முகத்து அம்மாள். இன்றைக்கு மாணவர்களும் பொறியாளர்களுமாக வந்த புதிய சீனர்களுக்காக நடக்கும் சிச்சுவான் உணவகங்களில் இது அச்சு அசலாகக் கிடைக்கும், மிளகு நாக்கில் மின்சாரம்போல் ஓடும். சைவர்கள் ஜாக்கிரதை, டோஃபு என்று நம்பிச் சொன்னால் கொத்துக்கறியோடு வரும். அந்தக் கடைகளில் முதலாளி சமைத்ததைச் சாப்பிடுகிறோம். வாடிக்கையாளருக்காக வளைந்து கொடுக்கும் கட்டாயம் அவருக்கு இல்லை, அவருடைய வாடிக்கையாளரும் சிச்சுவான்காரர்தான்.

நெடுஞ்சாலைக் கடைகளில் அடுப்பில் நிற்பவர்கள் வேறு. 1980களுக்குப் பிறகு அந்த அடுப்புகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஃபூஜியான் மாகாணத்தின் ஃபூஜோ நகரைச் சுற்றிய கிராமங்களைச் சேர்ந்தவர்கள், பலர் கடத்தல்காரர்களுக்குப் பெரும் கடன்பட்டு வந்தவர்கள். தளபதி ஸுவோ கப்பல் கட்டும் தளம் அமைத்ததும் கடைசியில் இறந்ததும் அதே ஃபூஜோவில்தான். அவருடைய கோழியை அவர்கள் ஊரில் யாரும் தின்றதில்லை, இங்கே வந்துதான் செய்யக் கற்கிறார்கள். நியூ யார்க்கில் மன்ஹாட்டன் பாலத்துக்கு அடியில், எல்ட்ரிட்ஜ் தெருவில், அவர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் சின்னச் சின்ன ஏஜென்ஸி அறைகள் உண்டு. சமையற்காரர் வேண்டும், பொரிப்பவர் வேண்டும் என்று சீட்டுகள் இருக்கும். அவற்றில் ஊர்ப் பெயர் இருக்காது. சம்பளம், பஸ்ஸில் எத்தனை மணி நேரம், அந்தப் பகுதியின் தொலைபேசி முன்னெண், அவ்வளவுதான். ஓர் ஆள் சீட்டை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுவார், விடியும்போது யாரோ வந்து அடுக்களைக்கு அழைத்துப் போவார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தால், முன்னெண் பெரும்பாலும் எங்கள் பக்கத்து 732.